பனிக்காலம் போனதும் வாட்டர் ஸ்கூட்டரைச் சோதிப்பது எப்படி?



தண்ணீர் உறையும்போது பெரிதாகும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். 100 லிட்டர் தண்ணீர் உறைந்தால் சுமார் 109 லிட்டர் இடம் கேட்கும். ‘9 லிட்டர்தானே, போகட்டும்’ என்று விட முடியாது. இடம் கிடைக்காவிட்டால் அது இன்ஜினையே பிளந்துவிடும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு வாட்டர் ஸ்கூட்டர்.

இது தண்ணீரில் ஓடும் பைக் மாதிரி. ஏரித் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் வேகமாகப் பீய்ச்சும். வண்டி முன்னே பாயும். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் குழாய் வழியாகப் போய் இன்ஜினையும் குளிர வைக்கும். சில வண்டிகளில் இன்ஜினைச் சுற்றி உறையாத கூலன்ட் ஓடும். ஆனால் அவற்றிலும் புகை போகும் பகுதிக்கு ஏரித் தண்ணீர்தான் வரும்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் ஏரிகள் உண்டு. குளிர்காலத்தில் அவை உறைந்துபோகும். பல ஏரிகளில் பனி விலக ஏப்ரல் ஆகிவிடும். அதுவரை வண்டி கொட்டகையில் கிடக்கும். உள்ளே தங்கிய தண்ணீரை வெளியேற்றாமல் வைத்தால் வந்தது ஆபத்து!

இதில் ஒரு வேடிக்கை. விரிசல் விழுந்தாலும் உறைந்திருக்கும் வரை தெரியாது. பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும். உருகிய பிறகுதான் ஒழுகும். அதனால் எடுத்தவுடன் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. நான் புரிந்துகொண்ட வரிசை இது:

1. பேட்டரி: சார்ஜ் இறங்கிய பேட்டரி சீக்கிரம் உறையும். பக்கங்கள் உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது, மாற்ற வேண்டும்.

2. வெளிப்பக்கம்: சீட்டைக் கழற்றி, டார்ச் அடித்து இன்ஜினைப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல், துருக்கோடு, கழன்ற ரப்பர் குழாய், உடைந்த கிளிப் இருக்கிறதா?

3. ஆயில்: அளவுக் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதோடு ஓட்டினால் பேரிங் தேய்ந்து இன்ஜின் போச்சு!

4. சிலிண்டர்: மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சோதிப்பார். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே தண்ணீர் இருக்க ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

5. ஓட்டிப் பார்த்தல்: இதுவரை எல்லாம் சரி என்றால்தான் இது. திறந்த வெளியில் தோட்டக் குழாயை மாட்டி, முதலில் இன்ஜின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு இன்ஜின். மாற்றிச் செய்தால் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் ஏறிவிடும். சில விநாடி ஓடினால் போதும். எங்காவது சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, ஆயிலை மறுபடி பார்க்க வேண்டும்.

இவ்வளவும் இன்ஜினைக் காப்பாற்ற மட்டுமா? இல்லை. பனி உருகிய ஏரித் தண்ணீர் பல வாரம் சில்லென்றுதான் இருக்கும். நடு ஏரியில் வண்டி நின்று, ஆள் விழுந்தால் கை கால் விறைத்து நீந்த முடியாமல் போகும். உயிர்காப்புச் சட்டை கட்டாயம்.

செய்து பாருங்கள்: பிளாஸ்டிக் பாட்டிலில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி மூடி, ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள் (கண்ணாடி பாட்டில் வேண்டாம்). காலையில் பாட்டில் எப்படி உப்பியிருக்கிறது என்று பாருங்கள். இன்ஜினால் அப்படி உப்ப முடியாது; அதனால்தான் வெடிக்கிறது.

முதலில் கண், கடைசியில் ஸ்டார்ட்!