இணையத்தில் பேச்சுரிமை: பால்கர் முதல் உச்ச நீதிமன்றம் வரை

நுழையும்முன்

கைப்பேசித் திரையில் ஒரு வரியை எழுதி அனுப்பச் சில நொடிகள் போதும். அந்த வரி குற்றமா, கருத்தா என்பதைத் தெளிவுபடுத்தவோ நம் நாட்டின் நீதிமன்றத்திற்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. டோம்பிவிலிக்கு அருகிலுள்ள ஒரு சிறு நகரில் எழுதப்பட்ட முகநூல் பதிவு, நாடு முழுமைக்குமான ஒரு சட்டப்பிரிவு நீங்கக் காரணமாயிற்று. அந்த வரலாற்றையும், அது உணர்த்தும் உரிமையையும் பொறுப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

பால்கரில் நிகழ்ந்தது

டோம்பிவிலியிலிருந்து திவா, வசாய் வழியாக ரயிலில் சென்றால் பால்கரை அடையலாம். இன்று தனி மாவட்டமாக விளங்கும் பால்கர், 2014ஆம் ஆண்டு வரை டோம்பிவிலியைப் போலவே தானே மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது.

2012 நவம்பர் 17 அன்று சிவசேனைக் கட்சியின் நிறுவனர் பால் தாக்கரே மறைந்தார். மறுநாள் மும்பையிலும் சுற்றுப்புறங்களிலும் கடைகள் அடைக்கப்பட்டன, வண்டிகள் ஓடவில்லை. அப்போது பால்கரைச் சேர்ந்த ஓர் இளம்பெண், ஒரு தலைவரின் மறைவுக்காக நகரமே முடங்க வேண்டுமா என்றும், மதிப்பு என்பது அச்சத்தால் பெறப்படுவதன்று என்றும் பொருள்படத் தம் முகநூல் பக்கத்தில் எழுதினார். அவருடைய தோழி அப்பதிவுக்கு விருப்பக்குறி இட்டார்.

அப்பதிவில் எவரையும் தாக்குமாறு ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் அப்பெண்ணின் உறவினர் நடத்திவந்த மருத்துவமனையை ஒரு கும்பல் தாக்கிச் சேதப்படுத்தியது. நவம்பர் 19 அன்று, எழுதிய பெண்ணும் விருப்பக்குறி இட்ட தோழியும் கைது செய்யப்பட்டு, பின்னர்ப் பிணையில் விடுவிக்கப்பட்டனர். அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின்கீழ் வருவதாகும். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. காவல் அலுவலர் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அப்பெண்கள் மீதான வழக்கும் பின்னர்க் கைவிடப்பட்டது.

சட்டம் பிறந்த காரணம்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முதன்மை நோக்கம் மக்களின் பேச்சைக் கட்டுப்படுத்துவதன்று. தாளில் எழுதிக் கையெழுத்திட்ட ஆவணத்திற்கு இருந்த மதிப்பு, கணினியில் உருவான ஆவணத்திற்கும் மின்னணுக் கையொப்பத்திற்கும் கிடைக்க வேண்டும் என்பதே அது. ஐக்கிய நாடுகள் அவையின் வணிகச் சட்ட ஆணையம் 1996இல் வகுத்த மாதிரிச் சட்டத்தை அடியொற்றி இந்தியச் சட்டம் அமைந்தது.

இணையம் பரவியபோது புதுவகைக் குற்றங்களும் பரவின. எனவே 2008 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது; திருத்தம் 2009 அக்டோபர் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. பிறர் கடவுச்சொல்லையும் மின்னணு அடையாளத்தையும் திருடுதல், கணினிவழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல், ஒருவரின் அந்தரங்கத்தைப் படம்பிடித்துப் பரப்புதல் ஆகியவற்றுக்குத் தனிப்பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அவற்றோடு 66ஏ பிரிவும் சேர்ந்தது.

சொற்களில் இருந்த குறை

கணினி அல்லது தொலைத்தொடர்புக் கருவி வழியாக மிகவும் புண்படுத்தும் செய்தியையோ அச்சுறுத்தும் செய்தியையோ அனுப்புவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் தண்டமும் விதிக்கலாம் என்றது அப்பிரிவு. எரிச்சலூட்டவும் தொல்லை தரவும் அனுப்பப்படும் செய்திகளும் அதன் வரம்புக்குள் வந்தன. பிடியாணை இன்றியே கைது செய்யவும் இடமிருந்தது.

‘புண்படுத்துதல்’, ‘எரிச்சல்’, ‘தொல்லை’ ஆகிய சொற்களுக்கு அளவுகோல் எது? ஒருவருக்கு நகைச்சுவையாகத் தோன்றுவது மற்றொருவருக்கு எரிச்சலாகத் தோன்றலாம். தெருவில் குடிநீர் வரவில்லை என்று எழுதினால் அதற்குப் பொறுப்பானவர் எரிச்சல் அடையலாம். திருடுதல் என்பதற்குச் சட்டத்தில் தெளிவான வரையறை உண்டு. எரிச்சலூட்டுதல் என்பதற்கு அத்தகைய வரையறை இல்லை. எது குற்றம் என்பதை முன்கூட்டியே அறிய முடியாத நிலையில், குற்றம் செய்யாதவரும் அச்சத்தால் வாய்மூடி இருப்பர்.

இக்குறை மராட்டியத்தில் மட்டும் வெளிப்படவில்லை. பால்கர் நிகழ்வுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2012 அக்டோபர் இறுதியில், அரசியல் தலைவர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியைச் சேர்ந்த சிறுதொழில் முனைவர் ஒருவர் இதே பிரிவின்கீழ்க் கைது செய்யப்பட்டார்.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு

பால்கர் செய்தியை அறிந்த டெல்லி இளம்பெண் ஷ்ரேயா சிங்கால், அம்மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். பிறர் தொடுத்த மனுக்களும் அதனுடன் இணைத்து விசாரிக்கப்பட்டன. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 66ஏ பிரிவின்கீழ்க் கைது செய்வதற்கு முன் உயர் அலுவலரின் ஒப்புதல் பெறவேண்டும் என்று 2013 ஜனவரியில் மத்திய அரசு அறிவுறுத்தியது.

2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் ஜே. செலமேஸ்வர், ரோஹின்டன் நாரிமன் ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பு வழங்கியது. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) கூறு வழங்கும் பேச்சுரிமைக்கு முரணானது என்று கூறி, 66ஏ பிரிவை முழுமையாக நீக்கியது. இப்பிரிவைத் தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று அரசுத் தரப்பு அளித்த உறுதியை நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசுகள் வரலாம், போகலாம். சட்டம் நிலைத்து நிற்கும். ஆகவே ஓர் அரசின் வாக்குறுதியைக் கொண்டு சட்டத்தின் குறையை மறைக்க இயலாது என்பது அதன் கருத்தாகும்.

பேச்சை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டியது இத்தீர்ப்பின் சிறப்பு. ஒரு பொருளைப் பற்றிக் கலந்துரைப்பது முதற்படி. ஒரு கருத்துக்காக வலிந்து வாதிடுவது இரண்டாம் படி. தீங்கு செய்யத் தூண்டுவது மூன்றாம் படி. முதலிரண்டும் பிறருக்குப் பிடிக்காதவையாக இருப்பினும் உரிமையின் பாற்பட்டவை. மூன்றாம் படியை எட்டும்போதே சட்டம் குறுக்கிட முடியும்.

தெரிந்து தெளிவோம்

பேச்சுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க 19(2) கூறு எட்டுக் காரணங்களைக் குறிப்பிடுகிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். எரிச்சல் இப்பட்டியலில் இல்லை.

உரிமைக்கும் எல்லை உண்டு

66ஏ நீங்கியதால் இணையத்தில் எதையும் எழுதலாம் என்று கருதுவது பிழை. உண்மையான தீங்கு நேரும் இடத்தில் சட்டம் இன்றும் துணை நிற்கிறது.

சென்னையில் ஒரு பெண்ணின் பெயரில் பொய்யான மின்னஞ்சல் கணக்குத் தொடங்கி, அவரைப் பற்றி இழிவான செய்திகளைப் பரப்பிய ஒருவருக்கு எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பரில் தண்டனை விதித்தது. புகார் அளிக்கப்பட்ட அதே ஆண்டிலேயே தீர்ப்பும் வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் தொடக்கக்காலத் தண்டனைகளுள் இது குறிப்பிடத்தக்கது. அங்குப் பாதிக்கப்பட்டது ஒருவரின் பெருமிதம் மட்டுமன்று. ஒரு பெண்ணின் நற்பெயரும் அமைதியான வாழ்வும் ஆகும்.

மற்றொரு நிகழ்வு, பிழைப்புக்காக வேறு மாநிலம் சென்று வாழும் குடும்பங்கள் அனைத்தும் நினைவில் கொள்ளத்தக்கது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் கூறும் காணொளிகள் பரவின. வேறு இடங்களில், வேறு காரணங்களால் நடந்த சண்டைகளின் காட்சிகளே அவ்வாறு திரித்துக் காட்டப்பட்டன. திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் உழைத்துவந்த தொழிலாளரிடையே அச்சம் பரவியது. பீகாரில் இருந்த பெற்றோர் கலங்கினர். அக்காணொளிகள் பொய்யானவை என்று தமிழ்நாடு காவல்துறை விளக்கியது. அவற்றைப் பரப்பியோர்மீது வழக்குகள் தொடுக்கப்பட்டன. பீகார் அரசும் ஒரு குழுவை அனுப்பி நிலைமையை அறிந்தது.

டோம்பிவிலியில் ஒரு தமிழ்க் குடும்பம் எவ்வாறு வாழ்கிறதோ, அவ்வாறே திருப்பூரில் ஒரு பீகார்க் குடும்பம் வாழ்கிறது. அண்டை வீட்டாரின் நம்பிக்கையே இருவருக்கும் காப்பு. அந்நம்பிக்கையை ஒரு பொய்க் காணொளி ஒரே இரவில் குலைத்துவிடக்கூடும்.

பால்கர் பதிவையும் பொய்க் காணொளிகளையும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். முன்னது ஒருவரின் கருத்து. அதை ஏற்கலாம், மறுக்கலாம். பின்னவை உண்மை போலக் காட்டப்பட்ட பொய். அவை மக்களின் உயிருக்கும் பிழைப்புக்கும் ஆபத்து விளைவிக்கவல்லவை. முன்னதற்கு விடை மறுமொழி. பின்னவற்றுக்கு விடை சட்டம்.

தீர்ப்புக்குப் பின்னும்

நீக்கப்பட்ட பிரிவின்கீழ்ப் பல மாநிலங்களில் தொடர்ந்து வழக்குகள் பதிவாயின. 2021 ஜூலையில் இதனை அறிந்த உச்ச நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. 2022 அக்டோபர் 12 அன்று, 66ஏ பிரிவை மீறியதாகக் கூறி எவர்மீதும் வழக்கு நடத்தலாகாது என்று ஆணையிட்டது. தீர்ப்பு வழங்கப்பட்டால் மட்டும் போதாது. அது காவல் நிலையம் வரையிலும், குடிமக்கள் வரையிலும் சென்று சேர வேண்டும் என்பதற்கு இது சான்று.

தன் உரிமையை அறிந்த மாணவர் நேர்மையான கருத்தை அஞ்சாமல் எழுதுவார். பிறர் உரிமையை மதிக்கும் மாணவர், உண்மையா என்று ஆராயாமல் எதையும் பகிரமாட்டார். தீங்கு நேர்ந்தால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தெரிவித்து, சான்றாகத் திரைப்படியைப் பாதுகாத்து, காவல்துறையின் துணையை நாடலாம். இணையவழிப் பண மோசடிகளுக்கு 1930 என்னும் தேசிய உதவி எண் உள்ளது.

சொற்பொருள்

பிணை – ஈட்டின்பேரில் விடுவித்தல்
பிடியாணை – கைது செய்ய நீதிமன்றம் தரும் ஆணை
தண்டம் – அபராதம்
அமர்வு – வழக்கை விசாரிக்கும் நீதிபதிகள் குழு
அவதூறு – ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கும் பொய்ப்பேச்சு
இறையாண்மை – நாட்டின் முழு அதிகாரம்
திரைப்படி – திரையில் தோன்றுவதை அப்படியே பதிவுசெய்த படம்

பயிற்சிகள்

அ. பொருத்துக.
1. 2000 அக்டோபர் 17 – 66ஏ நீக்கம்
2. 2009 அக்டோபர் 27 – 66ஏ பிரிவின்கீழ் வழக்கு நடத்தத் தடை
3. 2015 மார்ச் 24 – தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறை
4. 2022 அக்டோபர் 12 – திருத்தச் சட்டம் நடைமுறை

ஆ. பிரித்து எழுதுக.
பேச்சுரிமை, நற்பெயர், மின்னஞ்சல், வாக்குறுதி

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதன்மை நோக்கம் யாது?
2. ‘எரிச்சல்’ என்னும் சொல் சட்டத்தில் இடம்பெற்றதால் விளைந்த குறை யாது?
3. பேச்சின் மூன்று படிகள் யாவை?

ஈ. பின்வருவனவற்றுள் கருத்து எது, குற்றமாகக்கூடியது எது எனக் காரணத்துடன் வகைப்படுத்துக.
1. “எங்கள் தெருவில் மூன்று நாளாகக் குடிநீர் இல்லை, மாநகராட்சி உறங்குகிறது.”
2. வகுப்புத் தோழியின் படத்தை வைத்து, அவர் பெயரில் பிறர் தொடங்கிய கணக்கு.
3. “புகழ்பெற்ற அந்த நடிகரின் புதிய படம் சலிப்பூட்டுகிறது.”
4. “நாளை ரயில் நிலையத்தில் அவர்களைத் தாக்குவோம், அனைவரும் வருக.”
5. எந்த ஊரில் எடுத்தது என்று தெரிந்தும், வேறு ஊரில் நடந்ததாகக் குறிப்பிட்டுப் பரப்பிய சண்டைக் காணொளி.

உ. கட்டுரை எழுதுக.
குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், ஒரு சமூகத்தினரைப் பற்றி உறுதிப்படுத்தப்படாத செய்தி ஒன்று வருகிறது. அதனைப் பெற்ற மாணவர் செய்யவேண்டியவை, செய்யக்கூடாதவை ஆகியவற்றைப் பாடக் கருத்துகளைத் துணையாகக் கொண்டு ஒரு பக்க அளவில் எழுதுக. எழுதியதை வீட்டிலுள்ள பெரியோருக்குப் படித்துக் காட்டி, அவர்களின் கருத்தையும் குறித்து வருக.