ராஸ்பெர்ரி பை மெமரி கார்டில் டிவைஸ் ட்ரீ கோப்புகளைப் புதுப்பித்தல்

யூஎஸ்பியில் செருகிய சாதனம் தன்னைப் பற்றிய விவரத்தைத் தானே கர்னலுக்குச் சொல்லிவிடும். ஐ2சி கம்பிகளில் இணைத்த டிஎஸ்3231 கடிகாரச் சில்லுக்கு அந்த வசதி இல்லை. எந்தச் சில்லு எந்த முகவரியில் இருக்கிறது என்பதை டிவைஸ் ட்ரீ கோப்புதான் கர்னலுக்குத் தெரிவிக்கிறது. ராஸ்பெர்ரி பையில் இந்தக் கோப்புகள் மெமரி கார்டின் முதல் பார்ட்டிஷனில் இருக்கின்றன. பலகை முழுவதையும் விவரிக்கும் டிடிபி கோப்பு மேல்நிலையிலும், அதன்மேல் சேரும் திருத்தங்களான டிடிபிஓ கோப்புகள் (ஓவர்லேக்கள்) ஓவர்லேஸ் அடைவிலும் இருக்கும்.

சென்சாரோ கடிகாரமோ சேர்ப்பதற்கு டிடிபி கோப்பைத் தொடவே கூடாது. கையால் திருத்திய டிடிபி, அடுத்த கர்னல் புதுப்பிப்பில் அழிந்து பழையபடி ஆகிவிடும். ஓவர்லே எழுதுவதே சரியான வழி. அதற்கும் முன்னால் ஓவர்லேஸ் அடைவில் உள்ள ரீட்மீ கோப்பைப் படிக்க வேண்டும். டிஎஸ்3231 உட்படப் பல சில்லுகளுக்கு ஓவர்லே ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

ஓவர்லே இல்லாத சில்லுக்கு டிடிஎஸ் உரைக்கோப்பை எழுதி, டிடிசி கம்பைலரால் டிடிபிஓவாக மாற்ற வேண்டும். அப்போது அட் குறி கொண்ட விருப்பத்தைச் சேர்ப்பது வழக்கம். கோப்பிலுள்ள பெயர்கள் பற்றிய விவரம் அதனால் கோப்பில் பதிகிறது.

அடுத்து, பலகையை முறையாக நிறுத்தி, கார்டை ரீடரில் இட்டு, முதல் பார்ட்டிஷன் முழுவதையும் கணினியில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. டிடிபி கெட்டுப்போனால் பலகை பூட் ஆகாது. நகல் இருந்தால் சில நிமிடங்களில் மீட்டுவிடலாம். விண்டோஸ் கணினியில் இரண்டாம் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யவா என்ற கேள்வி எழக்கூடும். லினக்ஸ் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. வேண்டாம் என்றே சொல்ல வேண்டும்.

பிறகு டிடிபிஓ கோப்பை ஓவர்லேஸ் அடைவில் இட வேண்டும். பலகை ஓடும்போதே இடுவதானால் இடத்தில் கவனம் தேவை. 2023இல் வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பிலிருந்து முதல் பார்ட்டிஷன் பூட் அடைவில் நேரடியாக இல்லை. அதற்குள் இருக்கும் ஃபர்ம்வேர் அடைவில் இருக்கிறது. பழைய குறிப்பை நம்பி பூட் அடைவிலேயே இட்டால், கோப்பு இரண்டாம் பார்ட்டிஷனுக்குப் போய்விடும். பலகையை பூட் செய்யும் ஃபர்ம்வேர் அதைப் பார்க்கவே பார்க்காது.

அடுத்து, முதல் பார்ட்டிஷனிலுள்ள கான்ஃபிக் கோப்பில் டிடிஓவர்லே என்று எழுதி, சமக்குறியிட்டு, பின்னொட்டு இல்லாமல் ஓவர்லேயின் பெயரைச் சேர்க்க வேண்டும். கோப்பின் இறுதியில் ஆல் பிரிவின்கீழ் எழுதுவது நல்லது. வேறொரு மாடலுக்கான பிரிவில் சிக்கிய வரி செயல்படாது. கார்டைப் பாதுகாப்பாக வெளியேற்றிய பிறகே பிடுங்கி, பலகையில் இட்டு இயக்க வேண்டும்.

ஓவர்லேயின் பெயர் தவறினாலும் பலகை வழக்கம்போலவே பூட் ஆகும். அந்த ஓவர்லே மட்டும் விடுபட்டுப்போகும். ஆகவே பூட் ஆனதையே வெற்றியாகக் கொள்ளக் கூடாது. ப்ராக் அடைவின் டிவைஸ் ட்ரீ பகுதியில் புதிய முனை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஐ2சி டிடெக்ட் கட்டளை கடிகாரத்தின் முகவரியில் 68 என்று காட்டினால் சில்லு பதில் தருகிறது, ஆனால் டிரைவர் அதை ஏற்கவில்லை. யூயூ என்று காட்டினால் டிரைவர் அதைப் பிடித்துக்கொண்டது. முனையே இல்லையென்றால் விசிலாக் கட்டளை காட்டும் ஃபர்ம்வேர் செய்திகளில் காரணம் கிடைக்கும்.