பெஞ்சுக்கும் கொட்டகைக்கும் அடிக்கும் மரச்சாயம்

தீபாவளி நெருங்கினால் தோட்டத்து வீடுகளில் பலகார வாடையோடு சாய வாடையும் சேர்ந்து வரும். வாசல் பெஞ்சு, மாமரத்தடி ஊஞ்சல், பின்பக்கத்துக் கோழிக் கொட்டகை எல்லாவற்றுக்கும் அப்போதுதான் புது நிறம். சாயம் அடிக்கிற விஷயத்தில் டிரசருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு 4 நாள் இருக்கையில், 3 வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு என் கிளினிக்குக்கு ஓடி வந்தார்கள். அப்பா மரச்சாயத்தில் மண்ணெண்ணெய் கலந்து கொட்டகைக்கு அடித்துவிட்டு, மிச்சத்தை ஆரஞ்சு போத்தலில் ஊற்றி வைத்திருக்கிறார். பையன் ஆரஞ்சு என்று நினைத்துக் குடித்துவிட்டான். அம்மா பதறிப்போய், தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தார். பெற்ற மனசு அப்படித்தான் செய்யும். ஆனால் மண்ணெண்ணெய், டர்பன்டைன், தின்னர் இவையெல்லாம் வயிற்றில் கிடப்பதைவிட நுரையீரலுக்குள் இறங்குவதுதான் பெரிய ஆபத்து. வாந்தி வரும்போது கொஞ்சம் மூச்சுக்குழாயில் போனாலும் நுரையீரல் புண்ணாகிவிடும். அந்தப் பையன் 8 நாள் பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக் கிடந்து பிழைத்தான்.

ஆகவே குழந்தை இப்படி எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாலும் புகட்ட வேண்டாம். வாயைத் துடைத்து, நனைந்த சட்டையைக் கழற்றி, உடம்பில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, உட்கார்ந்த நிலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டின்னையும் கூடவே எடுத்துப் போங்கள். "நல்லாத்தானே விளையாடுறான்" என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. இருமலும் மூச்சிரைப்பும் சில மணி நேரம் கழித்தும் வரும்.

இனி எந்தச் சாயம் வாங்குவது? ஹார்டுவேர் கடையில் 'வுட் ஸ்டெயின்' என்று கேளுங்கள். பெயிண்ட் மரத்தின் மேலே தோல் மாதிரி படியும்; ஸ்டெயின் மரத்துக்குள் ஊறும். நிறமில்லாத வார்னிஷ் நம் வெயிலுக்குச் சீக்கிரம் உரிந்துவிடும். நிறம் கலந்தது வெயிலைத் தடுக்கும். பழுப்பு, செம்பழுப்பு நிறங்களுக்குப் பெரும்பாலும் இரும்புத் துருவைப் போன்ற பொடியைத்தான் சேர்க்கிறார்கள். அது நன்றாக உழைக்கும். கருப்பு வேண்டாம், மத்தியான வெயிலில் பெஞ்சு சுட்டு, பிள்ளைகள் தொடை கன்றிப்போகும். தண்ணீரில் கலக்கும் வகையாகவும், வெளியில் அடிக்கக்கூடியதாகவும், ஈயம் இல்லை என்று டின்னில் போட்டதாகவும் வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் டர்பன்டைன் தேவையில்லை, தலைவலி குறைவு, பிரஷைத் தண்ணீரிலேயே கழுவிவிடலாம்.

"செலவு எதுக்கு, லாரியிலிருந்து இறக்கின கருப்பு எண்ணெய் இருக்கே" என்பார்கள் சிலர். கரையான் கொஞ்சம் ஒதுங்கும் என்பது உண்மைதான். ஆனால் எஞ்சினில் ஓடித் தேய்ந்த எண்ணெயில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. அது ஒழுங்காகக் காயவும் காயாது. உட்காருகிறவர் துணியிலும் தோலிலும் ஒட்டும், மழையில் கரைந்து கோழி கொத்துகிற மண்ணில் இறங்கும். இதை நான் பார்த்த இடத்திலெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன்.

மரத்தையும் பாருங்கள். நாம் பால் வெட்டுகிற ரப்பர் மரத்தின் பலகை வெளியில் வைத்தால் எந்தச் சாயம் அடித்தாலும் பூச்சி அரித்து மக்கிவிடும். வீட்டுக்குள்தான் அதற்கு வாழ்வு. செங்கால் மரம் தாங்கும். பச்சை நிறம் ஏறிய மருந்துப் பலகையில் ஆர்சனிக் இருக்கலாம். அதன் துண்டுகளை அடுப்பில் எரிக்கவே கூடாது.

மரம் காய்ந்திருக்க வேண்டும். பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். உறிஞ்சினால் அடிக்கலாம். முத்து முத்தாக நின்றால் இன்னும் ஈரம், அல்லது பழைய பூச்சு. பழைய பெயிண்ட்டை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருந்தால் தூசி பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டி, கழிவைக் காகிதத்தில் கூட்டி எடுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

காலையில் பசியாறி, பனி காய்ந்த பிறகு ஆரம்பித்தால் மத்தியான மழைக்கு முன் ஒரு பூச்சு முடியும். டின்னை அடிவரை கலக்குங்கள், நிறம் கீழே தங்கியிருக்கும். மெல்லிசாக இரண்டு பூச்சு போதும். ஊறாமல் நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். பெஞ்சுக் காலின் அடிப்பக்கத்தை மறக்காதீர்கள், ஈரம் ஏறுவது அங்கேதான். கொட்டகைக்குள் அடிப்பதாக இருந்தால் கதவைத் திறந்துவைத்து அடியுங்கள். மூக்கில் கட்டுகிற கைக்குட்டை தூசியைக் கொஞ்சம் தடுக்கும், வாடையைத் தடுக்காது. சாயம் காய்ந்து வாடை போகும்வரை கோழிகளை உள்ளே விட வேண்டாம். புல்லுக்கு மருந்து அடிக்கிற பம்பில் சாயம் ஊற்றி அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அந்த வேலையே வேண்டாம்.

எண்ணெய் கலந்த ஸ்டெயின்தான் கிடைத்தது என்றால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அந்த எண்ணெய் தானாகச் சூடேறும். குவியலாகக் கிடந்தால் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். வெளியில் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டின்னில் முக்கி மூடிவையுங்கள். மிச்சச் சாயத்தை அதன் டின்னிலேயே மூடி, பூட்டிய அலமாரியில் உயரத்தில் வையுங்கள். கையில் ஒட்டியதைப் பெட்ரோலிலோ தின்னரிலோ கழுவினால் தோல் வெடித்துப் புண்ணாகும். கொஞ்சம் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டால் போய்விடும்.