இரண்டாவது கிலோவும் அப்படியே வருமா?

மின்னணு நுண்ணோக்கியில் படம் அழகாக விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது எங்கள் பொருளறிவியல் கூட்டத்தின் பழக்கம். பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு, வருகிற ஆய்வாளரிடம் முதலில் நான் கேட்பது, “எத்தனை கிராம் செய்தீர்கள்?” என்பதைத்தான்.

சில நூறு மில்லிகிராமில் அற்புதம் காட்டும் நானோ துகள், கிலோ கணக்கில் செய்யும்போது வேறொன்றாகிவிடும். சின்னக் குடுவைக்குள் சூடு சீராகப் பரவும். பெரிய கலனில் நடுவில் ஒரு வெப்பம், ஓரத்தில் ஒரு வெப்பம். துகள்கள் சின்னதும் பெரிதுமாகக் கட்டிதட்டும். ஆகவே லைசென்ஸ் பேச்சை எடுக்கும் முன் மூன்று பேட்ச் செய்து பாருங்கள்: வெவ்வேறு மாணவர் கையால், மொத்தக் கடையில் கிடைக்கும் வணிகத் தர ரசாயனத்தால். அதிதூய மூலப்பொருளில் மட்டுமே வேலை செய்கிற சரக்கு ஆலைக்குக் கட்டுப்படியாகாது.

அரிப்பைத் தாங்கும் பூச்சு ஒன்றுடன் கோவையில் பம்ப் தயாரிப்பவர் ஒருவரைப் பார்க்கப் போனோம். சால்ட் ஸ்ப்ரே சோதனை வரைபடங்களை அவர் ஓரமாக வைத்துவிட்டார். “பூச்சு நல்லாத்தானுங்க இருக்குது. ஒரு இம்பெல்லருக்கு எத்தனை ரூபாய் ஏறுமுங்க? ஆயிரம் உருப்படிக்கும் ஒரே மாதிரி உக்காருமுங்களா?” என்றார். அவரிடம் இருந்த பவுடர் கோட்டிங் அடுப்பு 200 டிகிரியோடு நின்றுவிடும். எங்கள் பூச்சு இறுக 350 வேண்டும். அவர் அடுப்பை மாற்றப் போவதில்லை, நாங்கள்தான் வேதியியலை மாற்ற வேண்டும். எந்த ஆய்விதழின் மதிப்பீட்டாளரும் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை.

காப்புரிமையில் மட்டும் பொறுமை ஆகாது. ஆய்வுக் கட்டுரை, மாநாட்டு போஸ்டர், ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏறும் ஆய்வேடு என எது முந்திக்கொண்டாலும் புதுமை என்ற தகுதி போய்விடலாம். முதலில் பிரொவிஷனல் விண்ணப்பம் போடுங்கள். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் இருக்கிறது. அந்த மாதங்களை வாடிக்கையாளர்களைத் தேடிப் போகச் செலவிடுங்கள். 2021 விதித் திருத்தம் கல்வி நிறுவனங்களுக்கு அரசுக் கட்டணத்தில் 80 சதவீதம் குறைத்திருக்கிறது. வழக்கறிஞர் கட்டணம் தனிக் கதை!

“இரண்டு வருடத்தில் பணம் திரும்புமா?” என்று கேட்கும் நிதிக் குழுக்களிடம் ஜான் குட்இனஃபைப் பற்றிச் சொல்வேன். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவருடைய குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடை மின்கல நேர்மின்வாயாக்கிக் காட்டியது. காப்புரிமைக்குச் செலவிடப் பல்கலைக்கழகம் முன்வரவில்லை. ஹார்வெல் அணுசக்தி ஆய்வு நிலையம் எடுத்துக்கொண்டது. சோனி அந்த மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1991இல். புதிய பொருளுக்கு அது வேகமான பயணம் என்பேன். 2019இல் அவருக்கு நோபல் வந்தது, ராயல்டி வரவில்லை.

கட்டுரையில் மரியாதைக்குப் பெயர் சேர்ப்பது நம் வளாகங்களில் சகஜம். காப்புரிமைக்கு அது உதவாது. லைசென்ஸ் எடுக்க வருபவரின் வழக்கறிஞர் பழைய ஆய்வகக் குறிப்பேடுகளையே கேட்பார். அதனால் காப்புரிமைப் படிவம் நிரப்பும் அன்றே மாணவரையும் வழிகாட்டியையும் சேர்த்து உட்காரவைத்து, யார் யோசனை எது, ராயல்டியில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். பணம் வராத காலத்தில் இந்தப் பேச்சு அரை மணியில் முடியும். வந்த பிறகு துணைவேந்தர் அறை வரை போகும்.