வளர மறுக்கும் கிருமி

ஒரு பாக்டீரியா உயிரோடு இருக்கிறதா, இறந்துவிட்டதா என்பதை எவ்வாறு அறிவது? நம் கல்லூரியில் விலங்கியல் பயிலும் எவரைக் கேட்டாலும், "அகார் தட்டில் இட்டு வளர்த்துப் பார்க்க வேண்டும்" என்பார். தேர்வில் நானும் அப்படித்தான் எழுதினேன், மதிப்பெண்ணும் கிடைத்தது. அந்த விடை செல்லுபடியாகாத கிருமி ஒன்று எங்கள் வீட்டிற்கே வந்தபோதுதான் பாடத்தை மறுபடியும் படிக்க நேர்ந்தது.

ஆலங்காயத்தில் எங்களோடு இருக்கும் பெரியப்பா, வாணியம்பாடிப் பக்கம் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். ஒரு நாள் கை வெந்து புண்ணாகியும் அவருக்கு வலி தெரியவில்லை. பரிசோதித்தவர்கள் தொழுநோய் என்றார்கள். (பச்சைத் தோலைத் தொடுவதால் இந்நோய் வருவதில்லை. எங்கள் தெருவில் பலரும் அப்படி நம்புவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.) ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன் மூன்றையும் 12 மாதம் தவறாமல் உண்டு முடித்தார். அதன்பின் எடுத்த பரிசோதனைச் சீட்டில் "2+" என்றிருந்தது. வீட்டில் அறிவியல் படிப்பவள் என்பதால் சீட்டை என்னிடம் நீட்டினார்கள். "கிருமி இன்னும் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அன்று மாலையே பெரியப்பாவின் தட்டும் டம்ளரும் திண்ணைக்குப் போய்விட்டன.

அந்தச் சீட்டு உண்மையில் என்ன சொல்கிறது? காது மடலை இறுகப் பிடித்து, சிறு கீறல் போட்டு, சுரண்டிய திரவத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசுகிறார்கள். கார்பால் ஃபியூக்சின் சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவி, மெத்திலீன் நீலம் இடுகிறார்கள். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகத் தெரிபவையே தொழுநோய்க் கிருமிகள். நுண்ணோக்கியின் பத்துப் பார்வைப் பரப்பில் 1 முதல் 10 வரை இருந்தால் 2+ என்று குறிப்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: சாயம் உயிருள்ளதையும் பற்றும், செத்ததையும் பற்றும். நமக்கருகே காவலூரில் தொலைநோக்கி வழியே வந்து சேரும் ஒளி, அந்த விண்மீன் இன்றைக்கும் இருக்கிறதா என்று சொல்வதில்லை அல்லவா? அது போலத்தான்.

அப்படியானால் வளர்த்துப் பார்க்கலாமே எனில், அதுதான் முடியாது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இக்கிருமியைக் கண்டது 1873இல். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டறிவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே. இருந்தும் இன்று வரை எந்தச் செயற்கை வளர்ப்புத் தளத்திலும் இது வளரவில்லை. காரணம் 2001இல் விளங்கியது. அவ்வாண்டு இதன் மரபுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. வேலை செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 1,600; பழுதுபட்டுக் கிடப்பவை ஏறத்தாழ 1,100. தனித்து வாழும் திறனை இழந்து, பிற உயிரின் செல்லுக்குள் ஒண்டிக் குடியிருக்கிறது. அந்த ஆய்வுக்கு எடுத்த கிருமி இனத்தின் பெயர் "டி.என்.", தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டது. நம் பெயரைத் தாங்கி உலக ஆய்வுக்கூடங்களில் உலவும் கிருமி அது!

1960இல் அமெரிக்காவின் ஷெப்பர்ட் ஒரு வழி கண்டார். இக்கிருமிக்குக் குளிர்ச்சியான இடமே பிடிக்கும். அதனாலன்றோ காது மடலையும் மூக்கையும் நாடுகிறது. எலியின் உடலிலும் பாதம் குளிர்ச்சியானது. அங்கே சில ஆயிரம் கிருமிகளைச் செலுத்தி, ஆறு முதல் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். உயிருள்ளவை இருந்தால் பத்து லட்சம் அளவுக்குப் பெருகும், செத்தவை பெருகா. ஒரு முறை இரட்டிக்கவே இக்கிருமிக்கு ஏறத்தாழ 12 முதல் 14 நாட்கள்! நம் குடலில் வாழும் ஈ. கோலைக்கு 20 நிமிடம் போதும். எலிக்கு மருந்தைக் கொடுத்து, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கவில்லை என்றும் இம்முறையில் அறியலாம். 1955இல் தொடங்கப்பெற்ற, வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் ஆய்வு நிலையத்திலும் இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன.

எட்டு மாதம் காத்திருக்க எந்த நோயாளியால் இயலும்? நுண்ணோக்கியிலேயே ஓரளவு ஊகிக்கலாம். முழுக் குச்சியாகச் சீராகச் சாயமேறியது உயிருள்ளது. துண்டாகவும் மணியாகவும் தெரிவது செத்தது. பார்ப்பவர் கண்ணைப் பொறுத்து இக்கணக்கு மாறும் என்பது குறை. டி.என்.ஏ. சோதனை இவ்விஷயத்தில் முழுமையாக உதவாது. செத்த கிருமியிலும் டி.என்.ஏ. நெடுநாள் தங்கும். ஆர்.என்.ஏ. அப்படியன்று, கிருமி இறந்தபின் விரைவில் சிதையும். ஆகவே ஆர்.என்.ஏ.வைத் தேடுவதே இன்றைய முறை.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் எங்கள் ஆய்வுக்கூடப் பேராசிரியர். ரிஃபாம்பிசின் சில நாட்களிலேயே பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். ஆனால் பிணங்களை அப்புறப்படுத்த உடலுக்கு ஆண்டுகள் ஆகும். ஓராண்டில் ஒரு "+" குறைந்தாலே நல்ல வேகம் என்றார். பெரியப்பாவுக்குப் புதுத் தேமல் ஏதும் இல்லை, மருந்தும் முழுமையாக முடிந்தது என்று மருத்துவர் சொன்னதை நான் அன்று காதில் வாங்கவேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டம்ளரை நானே உள்ளே எடுத்து வந்து, அதில் காபி ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டுச் சீட்டில் 1+ என்று வந்தது. பெரியப்பா அதை என்னிடம் காட்டி, "ஏம்மா, இது செத்ததுதானே? நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார்.