படிவத்தை வைத்தால் போதுமா? இணையத்தளத்தில் முற்பதிவு வாங்குவோருக்குச் சில பாடங்கள்

கடந்த வருடம் ஜூன் 7 ஆம் திகதி, இரவு பத்து மணியிருக்கும். பொத்துவிலில் ராத்தாவின் வீட்டில் சாப்பிட்டுக் கொண்டிருந்தோம். மச்சானுக்கு அறுகம்பேயில் ஆறு அறைகள் கொண்ட சிறிய விடுதியொன்று இருக்கிறது. அங்கு வேலைக்கு நிற்கும் பொடியன் போன் எடுத்தான். "முதலாளி, வெள்ளக்காரக் குடும்பம் ஒண்டு வந்து நிக்கிது. புக் பண்ணியிருக்காங்களாம். ஆறு றூமிலயும் ஆள் இருக்கே, என்ன செய்யிற?"

இருவரும் ஓடினோம். அமெரிக்கத் தம்பதியினர். தகப்பனின் தோளில் இரண்டு வயது மதிக்கத்தக்க குழந்தை உறங்கிக் கொண்டிருந்தது. கட்டுநாயக்கவிலிருந்து எட்டு மணித்தியாலம் வேனில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அவர் தனது போனை நீட்டினார். மச்சானின் இணையத்தளத்திலுள்ள படிவத்தில் அவர் திகதி எழுதியிருந்தது 06/07 என்று. "சரி, அறை இருக்கிறது" என்று மச்சானும் பதில் எழுதியிருந்தார். விடுதிக் கொப்பியைப் புரட்டினோம். அவருடைய பெயர் இருந்தது, ஜூலை மாதம் 6 ஆம் திகதியில்!

யாருடைய பிழை? நாம் நாளை முதலில் எழுதுகிறோம், பிறகு மாதம். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள். அவர் எழுதியதும் சரி, மச்சான் விளங்கியதும் சரி. ஆனால் நடு இரவில் ஒரு குழந்தைக்குப் படுக்க இடமில்லை.

அன்றிரவு ராத்தா தனது அறையை ஒழித்துக் கொடுத்தார். மறுநாள் வேறொரு விடுதியில் இடம் பிடித்து அனுப்பி வைத்தோம். அந்தக் குடும்பம் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஆனால் நான்கு நாள் தங்க வேண்டியவர்கள் ஒரு நாளோடு போனார்கள்.

"இந்தப் போர்மும் வேணாம், ஒண்டும் வேணாம். கழட்டிப் போடுவம் மச்சான்" என்றார் அவர். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு நாட்கள் தங்கி அந்தப் படிவத்தை ஆராய்ந்தேன். அப்போது கற்றவற்றைத்தான் இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்களுடையது விடுதியாக இருக்க வேண்டியதில்லை. பல் வைத்தியசாலை, வேன் சேவை, கலியாணச் சாப்பாடு, தையல் நிலையம் எதுவானாலும் கதை ஒன்றுதான்.

படிவம் எதற்கு?

போனும் வாட்ஸ்அப்பும் இருக்கும்போது படிவம் எதற்கு என்று கேட்கலாம். கோடை காலத்தில் ஜேர்மனியில் இரவு 10 மணியென்றால் நமக்கு அதிகாலை 1.30. வேலை முடிந்து, பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டுப் பயணம் பற்றி யோசிப்பவர் அந்த நேரத்தில்தான் நம்மைத் தேடுகிறார். நாம் உறக்கத்தில் இருக்கிறோம். அவரது தேவையை எழுத்தில் வாங்கி வைப்பது படிவம்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. வெளிநாட்டு முற்பதிவுத் தளங்கள் ஊடாக வருபவருக்கு நூற்றுக்கு 15 வீதம் அளவில் தரகு கொடுக்க நேரிடுகிறது. ஓர் அறை 10,000 ரூபா என்றால், நான்கு இரவுக்கு 40,000 ரூபா. அதில் 6,000 ரூபா தரகு. அதே ஆள் நமது தளத்தினூடாக நேரே வந்தால் அந்தப் பணம் நம்மிடமே மிஞ்சும்.

இரண்டு படிவம், இரண்டு வேலை

மச்சானின் தளத்தில் இருந்தது ஒரே ஒரு படிவம். பெயர், மின்னஞ்சல், திகதி, செய்தி. இதுதான் முதல் கோளாறு. தொடர்புப் படிவம் கேள்வி கேட்பவருக்கானது. "உங்கள் விடுதியிலிருந்து கடற்கரை எவ்வளவு தூரம்?" என்று கேட்பவருக்குப் பெயர், மின்னஞ்சல், செய்தி ஆகிய மூன்று கட்டங்கள் போதும். முற்பதிவுப் படிவமோ கொடுக்கல் வாங்கலின் ஆரம்பம். அதில் தெளிவு வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் கேள்வி கேட்க வந்தவர் கட்டங்களைக் கண்டு திரும்பிவிடுவார். அறை வேண்டி வந்தவர் அரைகுறையாக எழுதிவிட்டுப் போவார்.

முற்பதிவுப் படிவத்தில் கேட்க வேண்டியவை:

1. வரும் திகதி, போகும் திகதி. கையால் எழுத விடாதீர்கள். நாட்காட்டியிலிருந்து தெரிவு செய்யும் வகையில் வையுங்கள். உலாவிகளிலேயே இதற்கென ஒரு திகதிக் கட்டம் இருக்கிறது. பாவிப்பவர் எந்த நாட்டு முறையில் பார்த்தாலும், அது உங்களுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற ஒரே ஒழுங்கில்தான் அனுப்பும். நீங்கள் பதில் எழுதும்போது மாதத்தை எழுத்திலேயே எழுதுங்கள். "ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை" என்று கிழமையையும் சேர்த்துவிட்டால் பிழை விட இடமேயில்லை.

2. எத்தனை பேர்? பெரியவர்கள், பிள்ளைகள் தனித்தனியாக. கலியாணச் சாப்பாடு செய்பவர் என்றால் ஆட்கணக்கா, ஸஹன் கணக்கா என்பதைப் படிவத்திலேயே தெளிவாக்குங்கள். 50 பேருக்கும் 50 ஸஹனுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லத் தேவையில்லை.

3. தொலைபேசி இலக்கம், நாட்டுக் குறியீட்டுடன். உங்கள் இலக்கத்தையும் அப்படியே போடுங்கள். 077 என்று தொடங்கும் இலக்கம் வெளிநாட்டவருக்கு உதவாது. முன்னாலுள்ள 0 ஐ நீக்கி 94 சேர்க்க வேண்டும். வாட்ஸ்அப் இணைப்புக்கும் இதே முறைதான். அங்கே 0 ஐ விட்டு வைத்தால் இணைப்பு வேலை செய்யாது.

4. வந்து சேரும் நேரம். இந்த ஒரு கேள்வி இருந்திருந்தால், அந்தக் குடும்பம் இரவில் வருவதை அறிந்து முதல் நாளே பேசியிருப்போம்.

இவ்வளவும் போதும். கடவுச்சீட்டு இலக்கம், வீட்டு விலாசம், பிறந்த திகதி என்று அடுக்காதீர்கள். ஒவ்வொரு கட்டமும் வாடிக்கையாளருக்கு ஒரு வேலை. சிறிய போன் திரையில் பத்துக் கட்டம் நிரப்ப யாருக்கும் பொறுமையில்லை. அத்துடன், நமது நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. குறித்த நோக்கத்துக்குத் தேவையானதை மட்டும் கேட்டு வாங்குவதும், தேவை முடிந்த பின் வைத்திராமல் விடுவதும் அதன் அடிப்படை விதிகளில் உள்ளவை.

கடிதம் எங்கே போகிறது?

என்னைத் திடுக்கிட வைத்தது இதுதான். மச்சானின் மின்னஞ்சலில் "ஸ்பாம்" எனப்படும் குப்பைப் பெட்டியைத் திறந்தேன். அதற்குள் அந்த மாதத்தில் மட்டும் ஒன்பது விசாரணைகள் கிடந்தன. ஒருவர் ஓகஸ்ட் மாதத்தில் பத்து நாட்களுக்கு இரண்டு அறைகள் கேட்டிருந்தார். பதில் வராததால் மீண்டும் ஒரு முறை எழுதியிருந்தார். அதுவும் குப்பையில்தான் கிடந்தது.

ஏன் இப்படி? தளத்தைச் செய்தவர், வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரியே அனுப்புநர் முகவரியாக வரும்படி அமைத்திருந்தார். பார்ப்பதற்கு வசதிதான். ஆனால் கடிதத்தை அனுப்புவது வாடிக்கையாளரல்ல, உங்கள் தளத்தின் சேர்வர். பொத்துவிலில் தபாலிட்ட கடிதத்தில் நியூயோர்க் முத்திரை இருந்தால் தபால்காரர் சந்தேகப்பட மாட்டாரா? மின்னஞ்சல் நிறுவனங்களும் அப்படித்தான். கூகுளும் யாகூவும் 2024 பெப்ரவரி முதல் அனுப்புநரின் அத்தாட்சி பற்றிய விதிகளை மேலும் இறுக்கியிருக்கின்றன.

தீர்வு இலகுவானது. அனுப்புநர் முகவரியாக உங்கள் தளத்தின் சொந்தப் பெயரிலுள்ள முகவரி இருக்க வேண்டும். பதில் அனுப்பும் முகவரியாக மட்டும் வாடிக்கையாளருடையது இருக்க வேண்டும். தளத்தைச் செய்தவரிடம் இந்த இரண்டு வசனங்களைச் சொன்னாலே அவருக்கு விளங்கும். கூடவே, கடிதங்களை அத்தாட்சியுள்ள மின்னஞ்சல் கணக்கின் ஊடாக அனுப்பும்படியும் கேளுங்கள்.

மின்னஞ்சலை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். நிரப்பப்படும் ஒவ்வொரு படிவத்தின் பிரதியும் தளத்திலேயே பதிவாக வேண்டும். வேர்ட்பிரஸ் தளங்களில் பலர் பாவிக்கும் "கொன்டக்ட் போர்ம் 7" செய்திகளைத் தானாகச் சேமித்து வைப்பதில்லை. அதற்குத் துணை மென்பொருள் ஒன்றைச் சேர்க்க வேண்டும். செலவில்லாமல் தொடங்க விரும்புபவர் கூகுள் போர்ம்ஸ் பாவிக்கலாம். அதில் பதில்கள் அட்டவணையில் வரிசையாகச் சேர்ந்துகொள்ளும்.

"கிடைத்தது" வேறு, "உறுதி" வேறு

படிவத்தை அனுப்பியதும் வாடிக்கையாளரின் திரையில் என்ன தோன்றுகிறது? பல தளங்களில் "நன்றி" என்று மட்டும் வருகிறது. அறை கிடைத்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். ஆகவே இப்படி எழுதி வையுங்கள்: "உங்கள் கோரிக்கை கிடைத்தது. அறை இன்னும் உறுதியாகவில்லை. இன்று மாலைக்குள் பதில் அனுப்புவோம். அவசரமென்றால் இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்." சொன்ன நேரத்துக்குள் பதில் போக வேண்டும்.

உறுதிப்படுத்தும் கடிதத்தில் திகதி, இரவுகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை, மொத்தப் பணம், இரத்துச் செய்தால் என்ன நடக்கும் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். மச்சான் எழுதிய "சரி, அறை இருக்கிறது" என்ற பதிலில் இந்த ஐந்தில் ஒன்றுகூட இருக்கவில்லை.

முற்பணம் வாங்குவதென்றால் வங்கியின் அல்லது அங்கீகாரம் பெற்ற கொடுப்பனவு நிறுவனத்தின் இணைப்பை அனுப்புங்கள். அட்டை இலக்கத்தைப் படிவத்தில் ஒருபோதும் கேட்காதீர்கள். அது மின்னஞ்சலில் கிடந்து களவு போனால் பழி உங்கள் மேல்தான்.

பூட்டும் காவலும்

உங்கள் தள முகவரி "எச்.டி.டி.பி.எஸ்" என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். அந்த "எஸ்" இல்லாத தளத்தில் படிவம் நிரப்பத் தொடங்கினால், 2017 ஒக்டோபர் முதல் குரோம் உலாவி "பாதுகாப்பற்றது" என எச்சரிக்கிறது. அதைக் கண்ட பின் எவர் நிரப்புவார்? இதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது.

படிவம் வைத்த சில நாட்களில் குப்பைச் செய்திகளும் வரத் தொடங்கும். அவற்றை அனுப்புபவை பெரும்பாலும் இயந்திரங்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைப் படிவத்தில் வைப்பது நல்ல உபாயம். இயந்திரம் அதையும் நிரப்பும். நிரப்பப்பட்டு வருவதைத் தளம் ஒதுக்கிவிடும். நல்ல வாடிக்கையாளரைப் படம் பார்த்துப் புதிர் அவிழ்க்க வைத்து அலைக்கழிக்கத் தேவையில்லை.

ஒரே ஒரு கொப்பி

இறுதியாக, தொழில்நுட்பத்தோடு சம்பந்தமில்லாத, ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான விடயம். மச்சானுக்கு முற்பதிவு நான்கு வழிகளில் வந்தது: போன், வாட்ஸ்அப், வெளிநாட்டுத் தளம், சொந்தப் படிவம். நான்கும் நான்கு இடத்தில் கிடந்தன. இப்போது எல்லாம் ஒரே நாட்காட்டியில் பதியப்படுகின்றன. முற்பதிவுத் தளங்களின் நாட்காட்டியை நமது நாட்காட்டியோடு இணைக்கலாம். ஆனால் அது உடனுக்குடன் மாறுவதில்லை, பிந்தக்கூடும். அதனால் அறை கொடுத்தவுடன் கையாலேயே மூடிவிடுவதுதான் பாதுகாப்பு.

யார் பார்ப்பது என்பதையும் தீர்மானித்தோம். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மருமகள் படிவங்களைப் பார்த்துப் பதில் எழுதுகிறார். குப்பைப் பெட்டியையும் தவறாமல் திறக்கிறார். மச்சான் இப்போது படிவத்தைக் கழற்றும் பேச்சையே எடுப்பதில்லை.

வாசகர்களே, இன்றிரவே ஒரு வேலை செய்யுங்கள். வேறொருவரின் போனை வாங்கி, உங்கள் தளத்துக்குச் சென்று, முன்பின் தெரியாத வாடிக்கையாளர் போலப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். அது எங்கே போய்ச் சேருகிறது, எத்தனை மணிக்கு யார் திறக்கிறார், என்ன பதில் வருகிறது என்று கவனியுங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்தால் போதும். பதில் வராத படிவம், விளக்கெரிந்தும் ஆளில்லாத கடைக்குச் சமம். ஒரு முறை தட்டிப் பார்த்தவர் மறுமுறை வரமாட்டார்.