காற்றுதான் பாட்டு



இளையராஜா என்றால் சினிமாப் பாட்டுதான் நமக்கு ஞாபகம் வரும். 1976-ல் 'அன்னக்கிளி' படத்தில் ஆரம்பித்தவர். ஆனால் சினிமாவும் இல்லாமல், பாடுகிறவரும் இல்லாமல் அவர் செய்த இசையும் இருக்கிறது. இந்த மாதம் அதைப் பற்றி எழுதுகிறேன்.

1986-ல் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. அதைத் தியாகராஜருக்கும், ஜெர்மனி நாட்டு பாக் என்பவருக்கும் காணிக்கை ஆக்கினார். அடுத்து 1988-ல் 'நத்திங் பட் விண்ட்'. அதற்கு 'காற்று மட்டுமே' என்று பொருள் சொல்லலாம். இதில் புல்லாங்குழல் வாசித்தவர் ஹரிபிரசாத் சௌரஸியா. கூடவே நிறைய வயலின்கள்.

நம்ம அறிவியல் புத்தகத்தில் ஒலி பாடம் இருக்குல்ல, அதை வைத்துப் பாருங்கள். குழலுக்குள் இருப்பது வெறும் காற்று. ஊதினால் அது அதிர்கிறது. துளை எல்லாம் மூடினால் நீளமான காற்று அதிரும், குரல் தாழ்ந்து வரும். வரிசையாகத் திறக்கத் திறக்க நீளம் குறையும், குரல் உயரும். சௌரஸியா வாசிப்பது பான்சுரி. நம்ம ஊர்க் கச்சேரிக் குழலை விட நீளம், அதனால்தான் அவ்வளவு கனமான குரல். மூங்கில் பாடவில்லை, காற்றுதான் பாடுகிறது. தலைப்பு சரிதானே!

2005-ல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தை, ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட் சிம்பொனி குழுவோடு செய்தார். அதில் தமிழ் இருக்கு, பிடித்துக்கொள்ளலாம். வார்த்தையே இல்லாததுதான் கஷ்டம். எனக்கு முதல் தடவை தூக்கமே வந்துவிட்டது. மிஸ் சொன்னாங்க, "மொத்தமா கேக்காத. குழல் எங்க போகுதுன்னு மட்டும் பாரு. அது நின்னா யாரு பதில் சொல்றாங்கன்னு பாரு." அப்புறம் கதை மாதிரி போச்சு.

என் அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிறார். நாள் முழுக்க மெஷின் சத்தம். வீட்டுக்கு வந்தால் டிவி கூடப் போடக் கூடாது. "காது சும்மா இருக்கட்டும்டி" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பயந்துகொண்டே போனில் சின்னதா வைத்தேன்.

"பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார்.

"இதுதாம்மா பாட்டு."

வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பல்லாம் பாலாத்துல நாணல் இருக்கும். காத்தடிச்சா இப்படித்தான் ஊதும்" என்றார். நான் பாலாற்றில் பார்த்தது பெரும்பாலும் மணல்தான். 2021 நவம்பர் வெள்ளத்தில்தான் அவ்வளவு தண்ணி பார்த்தேன். நாணல் சத்தம் கேட்டதே இல்லை.

முடிந்ததும் போனை எடுக்கப் போனேன். "இருக்கட்டும், இன்னொரு தடவை வை" என்றார்.